நெகட்டிவ் யாரிடம்?

பழைய ஸ்டூடியோ கவர் ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவில் எங்காவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். உள்ளே மூன்று பாஸ்போர்ட் சைஸ் படம். கவரின் மூலையில் பேனாவால் கிறுக்கிய ஓர் எண். அதுதான் நெகட்டிவ் நம்பர். மறுபடி காப்பி வேண்டுமென்றால் அந்த நம்பரைச் சொன்னால் போதும். திரும்ப முகம் கழுவி, பவுடர் பூசி, சிரிக்காதீங்க சார் என்று அதட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

வசதிதான். ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால் கொஞ்சம் விநோதமாகவும் இருக்கும். முகம் நம்முடையது. காசும் நம்முடையது. ஆனால் நம் கைக்கு வந்தது வெறும் காகிதம். அந்தக் காகிதத்தை எத்தனை வேண்டுமானாலும் பெற்றுப்போடக்கூடிய தாய், ஸ்டூடியோக்காரரின் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் இருக்கும். யார் வீட்டுக் கல்யாணப் பெண்ணோ, எந்தக் கோயிலில் மொட்டை போட்ட குழந்தையோ, அதற்குள்ளிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கேட்டுத்தான் வைத்தார்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். வைத்ததில் பெருமைப்பட்டவர்களும் உண்டு. வாசலில் நம்ம போட்டோ மாட்டிருக்கான்பா!

இங்கிலாந்தில் ஒரு பெண்மணிக்கு அது பெருமையாகப் படவில்லை. 1888-ல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அவர் கதைக்கு வருவதற்குமுன், அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்ட இன்னொரு வழக்கைப் பார்த்துவிடுவது நல்லது. நாற்பது வருடம் மூத்த வழக்கு. வாதி லேசுப்பட்ட ஆளில்லை. விக்டோரியா மகாராணியின் வீட்டுக்காரர்.

விக்டோரியாவுக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் 1840-ல் கல்யாணம். புதுத் தம்பதிக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. எட்சிங். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் படம் கீறி, அமிலத்தில் தோய்த்தால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு மெழுகைத் துடைத்துவிட்டுப் பள்ளத்தில் மை ஏற்றி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். தகடு ஒன்று. படம் எத்தனை வேண்டுமானாலும். கவனியுங்கள், நம்ம ஸ்டூடியோ நெகட்டிவின் கொள்ளுத் தாத்தா இது.

என்ன வரைந்தார்கள்? ராஜாங்க ரகசியம் ஒன்றும் இல்லை. குழந்தைகள், வளர்ப்பு நாய்கள், உற்றார் உறவினர். சொந்த பந்தங்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் காட்டிச் சந்தோஷப்பட வரைந்தவை. பெரும்பாலும் அரண்மனையிலேயே சொந்த அச்சில் அடித்துக்கொண்டார்கள். சில தகடுகளை மட்டும் விண்ட்ஸரில் இருந்த பிரவுன் என்கிற அச்சுக்காரரிடம் கொடுத்து, இத்தனை காப்பி என்று சொல்லி அடித்து வாங்கினார்கள்.

பிரவுனிடம் மிடில்டன் என்று ஒரு வேலையாள். மகாராணி வரைந்த படம் கைக்குக் கீழே மெஷினில் இருக்கிறது. சொன்ன எண்ணிக்கை முடிந்துவிட்டது. தகட்டில் மை மிச்சம் இருக்கிறது. இன்னொன்று அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அடித்தார். இன்னும் ஒன்று. அப்புறம் இன்னும் ஒன்று.

அந்த உபரிக் காப்பிகள் ஜாஸ்பர் ஜட்ஜ் என்கிற பத்திரிகை நிருபரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. (பேர்தான் ஜட்ஜ். கோர்ட்டில் நின்றது எதிர்த் தரப்பில்.) மொத்தம் 63 படங்கள். ஜட்ஜுக்கு வியாபார மூளை. லண்டனில் வில்லியம் ஸ்ட்ரேஞ்ச் என்கிற பதிப்பாளரைச் சேர்த்துக்கொண்டார். ராஜ தம்பதியின் கைவண்ணத்தைப் பொதுமக்களுக்குக் கண்காட்சியாகக் காட்டுவது, ஒவ்வொரு படத்தையும் விவரித்து ஒரு கேட்டலாக் போட்டு விற்பது என்று திட்டம். கேட்டலாக் அச்சாகிவிட்டது. விஷயம் அரண்மனைக்கு எட்டியது.

1848 அக்டோபரில் ஆல்பர்ட் வழக்குப் போட்டார். ஒரு நாட்டின் ராணியின் கணவர், பேட்டை ரவுடியை அனுப்பி மிரட்டாமல், சிறையில் தள்ளாமல், சாதாரணக் குடிமகன் மாதிரி மனு போட்டு நின்றதே சுவாரசியம்தான். அதைவிட சுவாரசியம், ஸ்ட்ரேஞ்ச் தரப்பு வாதம். கண்காட்சியை வேண்டுமானால் விட்டுவிடுகிறோம், கேட்டலாக்கை விட மாட்டோம் என்றார்கள். ஏன்? கேட்டலாக்கில் படம் இல்லையே! எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்கிற விவரம்தானே இருக்கிறது? ஒருவர் வரைந்த படத்தைக் காப்பி அடிப்பது தப்பு, வாஸ்தவம். இப்படி ஒரு படம் இருக்கிறது என்று சொல்வது எப்படித் தப்பாகும்?

கெட்டிக்காரத்தனமான கேள்வி. இன்றைக்கும் இதையே வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். உங்கள் மெசேஜைப் படிக்கவில்லை, யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்பதை மட்டும்தான் குறித்து வைக்கிறோம் என்கிறார்களே, அந்த ஜாதி.

1849 பிப்ரவரியில் சான்சலர் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்புச் சொன்னார். கேட்டலாக்கும் கூடாது. தகட்டை பிரவுனிடம் கொடுத்தது ஒரு காரியத்துக்காக. அந்தக் காரியத்தைத் தாண்டி எடுத்த காப்பி நம்பிக்கைத் துரோகம். துரோகத்தில் முளைத்த காப்பியைப் பார்த்து எழுதிய வர்ணனையும் அந்தத் துரோகத்தின் பிள்ளைதான். இதுதான் சாரம். அந்தரங்கம் என்கிற சொல்லும் தீர்ப்பில் வந்தது. அப்போதைய ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படி ஒரு தனி உரிமை கிடையாது. சொத்து, நம்பிக்கை என்கிற இரண்டு பழைய சட்டியில்தான் காட்டன்ஹாம் புதுக் குழம்பு வைத்தார்.

எனக்கென்னவோ இந்தக் கதையில் மகாராணியைவிட பிரவுன்தான் முக்கியமானவராகப் படுகிறார். பாவம், அவர் எதையும் திருடவில்லை. ஆனால் கடை அவருடையது. அரண்மனை தகட்டை நம்பிக் கொடுத்தது அவரிடம். சரித்திரத்தில் அவர் பேர் நின்றதற்குக் காரணம் அவர் அடித்த அச்சு இல்லை. அவர் பார்க்காத நேரத்தில் அவர் கடையில் அடித்த அச்சு.

ஆச்சா. இப்போது 1888-க்கு வருவோம்.

போலார்டு என்கிற திருமதி ஒரு போட்டோ கடைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். கேட்ட காசைக் கொடுத்து, காப்பிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நாளில் அதே கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. சுற்றிலும் அலங்காரம், நடுவில் போலார்டு அம்மையாரின் முகம். முன்பின் தெரியாத யார் வேண்டுமானாலும் வாங்கி, முன்பின் தெரியாத யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

போட்டோக்காரர் தரப்பு வாதம் எளிமையானது. நெகட்டிவ் என் சொத்து. கண்ணாடித் தகடு என் காசு, மருந்து என் காசு, உழைப்பு என்னுடையது. ஒருவருக்குத் தன் முகத்தின்மேல் சொத்துரிமை என்று எதுவும் கிடையாது. அவதூறாகவோ வேறு சட்டவிரோதமாகவோ எதையும் செய்யாதவரை, என் நெகட்டிவை நான் என்ன செய்தால் என்ன?

போலார்டு பக்கம் ஒரு பலவீனம் இருந்தது. இங்கிலாந்தின் 1862-ம் வருடச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். ஆனால் பதிவு செய்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் எடுத்துவிட்டு நேரே பதிவு ஆபீசுக்குப் போகிறவர் யார்? போலார்டும் போகவில்லை. காப்புரிமை என்கிற கதவு சாத்திக்கொண்டது.

நீதிபதி நார்த் வேறு கதவைத் திறந்தார். படம் எடுக்க உட்கார்ந்தபோது இருவருக்கும் இடையே ஒரு ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்றார். எழுதவில்லை, பேசவில்லை, ஆனால் இருக்கிறது. எனக்காக எடு, எனக்காக மட்டும் பிரதி போடு என்பதுதான் அதன் பொருள். நெகட்டிவ் போட்டோக்காரர் கையில் இருப்பதால் அவருக்கு ஒரு சக்தி வந்துவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும் பிரதி எடுக்கிற சக்தி. அது அவருக்கு வந்தது வாடிக்கையாளர் நம்பி உட்கார்ந்ததால். அதை வாடிக்கையாளர் சொன்ன காரியத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். அட்டையை விற்கவும் கூடாது, ஜன்னலில் வைக்கவும் கூடாது.

ஒரு தனி ஆள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலு பேருடைய முகத்தையோ முகவரியையோ ரகசியத்தையோ கையில் வாங்கித் தொழில் செய்வது என்றால் அதன் அடிப்படை என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவேன்.

ஆனால் விசாரணை நடுவே நார்த் ஒரு குசும்பான கேள்வி கேட்டார். யாருக்கும் தெரியாமல் திருட்டுத்தனமாக ஒருவரைப் படம் எடுத்திருந்தால், எடுத்தவர் அதைக் காட்சிக்கு வைக்கலாம்தானே? போலார்டின் வக்கீலால் மறுக்க முடியவில்லை. அங்கே காசும் கைமாறவில்லை, ஒப்பந்தமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆக, கடைக்குப் போய் உட்கார்ந்தவருக்குப் பாதுகாப்பு. தெருவில் நடந்து போனவருக்கு ஒன்றும் இல்லை.

இந்த ஓட்டை பெரிதாவதற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. அதே 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன்னுடைய கோடாக் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். யாரும் யாரையும் படம் எடுக்கலாம் என்றானது. ஊர் மக்களின் குளியல் துறையும் கொல்லைப்புறமும் ஒரே கம்பெனியின் இருட்டறைக்குள் போய் வரவும் ஆரம்பித்தன. இரண்டாவது விஷயத்தைப் பற்றி அப்போது யாரும் அவ்வளவாகக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

முதலாவதைப் பற்றி பாஸ்டனில் இரண்டு வக்கீல்கள் கவலைப்பட்டார்கள். சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ். 1890 டிசம்பரில் ஹார்வர்டு சட்ட இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையைத்தான் அந்தரங்க உரிமையின் பிறப்புச் சான்றிதழ் என்பார்கள். அதைப் புரட்டினால் உள்ளே நம் ஆட்கள் இருவரும் இருக்கிறார்கள். ஆல்பர்ட்டின் எட்சிங், போலார்டின் கிறிஸ்துமஸ் அட்டை. உட்கார வைத்துப் படம் எடுத்த காலத்துக்கு ஒப்பந்தம் போதும், இப்போது போதாது, ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்னைத் தனியாக விடும்படி கேட்க மனிதனுக்கு உரிமை வேண்டும் என்று வாதாடினார்கள்.

வாதம் அழகாக இருந்தது. கோர்ட்டில் எடுபட்டதா?

அபிகெய்ல் ராபர்சன் என்று ஓர் இளம்பெண். ஒரு நாள் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் தன்னுடைய படம் போட்ட சுவரொட்டி தொங்குவதைப் பார்த்தார். ஒரு மாவு மில்லின் விளம்பரம். 25,000 பிரதிகள். தயாரித்தது, கோடாக் இருந்த அதே ராச்செஸ்டரின் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்று. யாரும் அவரைக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் கேலி பேச, அவமானத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டதாக வழக்குத் தொடுத்தார். 1902-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாலுக்கு மூன்று. அந்தரங்க உரிமை என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை என்று எழுதியவர் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர்.

ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மறு வருடமே, 1903-ல், நியூயார்க் சட்டசபை சட்டம் போட்டது. எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒருவருடைய பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தினால் குற்றம்.

அதோடு முடிந்திருந்தால் சாதாரணக் கதை. 1904-ல் பார்க்கர் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். போகும் இடமெல்லாம் கேமரா. வீட்டையும் குடும்பத்தையும் விடாமல் துரத்துகிறார்களே என்று அவர் அலுத்துக்கொண்டதும், ராபர்சன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஐயா, தங்களுக்கு அப்படி ஓர் உரிமையே இல்லை. தாங்கள் எழுதிய தீர்ப்பை எடுத்துப் பாருங்கள் என்கிற பாவனையில். பத்திரிகையிலும் அது வந்தது. தேர்தலில் பார்க்கர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார். அதற்குக் காரணம் இந்தக் கடிதம் இல்லை. ஆனாலும் ராபர்சன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது.

அந்த நியூயார்க் சட்டத்தில் பின்னால் ஒரு வாசகம் சேர்ந்தது. போட்டோ தொழில் செய்பவர், தன் வேலைத் திறனுக்கு மாதிரியாக வாடிக்கையாளரின் படத்தைத் தன் கடையில் மாட்டிக்கொள்ளலாம். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் எடுத்துவிட வேண்டும். அப்படியே நம்ம ஊர் ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டி! இங்கிலாந்தில் நார்த் கேட்காமல் வைக்காதே என்றார். நியூயார்க்கில், வைத்துக்கொள், திட்டினால் எடு என்றார்கள். இந்த இரண்டு அணுகுமுறைக்கும் நடுவே நடந்த இழுபறிதான் பிற்பாடு கம்ப்யூட்டர் காலத்திலும் தொடர்ந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவின் 1957 காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறுமாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் காப்புரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். பதிவு கிதிவு எதுவும் அவசியமில்லை. இது தெரிந்து ஸ்டூடியோ வாசலில் போய் வாதாடியவரை நான் பார்த்ததில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்கிற பெரிய கேள்வி மட்டும் இங்கே இழுத்துக்கொண்டே போனது. 1994-ல் ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கைக் கதையை நக்கீரனில் எழுதிய விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் அதைத் தொட்டது. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, ஆம், அடிப்படை உரிமைதான் என்றார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம்.

அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் கவலைப்பட வேண்டியது, நமக்கென்ன என்று தோன்றும். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்தால் இன்னும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சட்டம் கம்பெனியின் சைஸைப் பார்த்து ஆரம்பிக்கவில்லை. சொந்த வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு. சில வகையினருக்குச் சலுகை தர அரசாங்கத்துக்கு அதிகாரமும் உண்டு. மற்றபடி, தொழிலுக்காக டிஜிட்டலாக விவரம் வாங்கி வைக்கிறவர் ஒற்றை ஆளாக இருந்தாலும் வளையத்துக்குள்தான்.

யார் யார் என்று பாருங்கள். வீட்டிலிருந்தே வருமான வரிக் கணக்குப் போட்டுத் தருகிறவர். அவருடைய லேப்டாப்பில் நூறு குடும்பத்தின் பான் நம்பரும் பாங்க் கணக்கும். கல்யாணத் தரகர். முன்பு மஞ்சள் பையில் இருந்த ஜாதகமும் பெண்ணின் போட்டோவும் இப்போது அவருடைய வாட்ஸப்பில், வரன் அமைந்து பேரன் பிறந்த பிறகும். கல்யாண வீடியோ எடுப்பவர். டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் பெண்மணி. அவருடைய கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பில் ஊராருடைய ஆதார் ஸ்கேன் வரிசையாக நிற்கும், அழிக்க நேரமில்லாமல். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் பிரவுன்கள். மிடில்டன் எங்கே என்றால், பகுதி நேர வேலைக்கு வந்து பென் டிரைவ் செருகும் பையன். அல்லது ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பைத் திறக்கும் கடைக்காரர். அல்லது பழசைப் போட்டுப் புதுசு வாங்கிய போன், அழிக்கப்படாமல் கைமாறிப் போய் விழுந்த இடம். விண்ட்ஸரில் பிரவுன் தப்பித்தார். புதுச் சட்டம், வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் பொறுப்பு உன்னுடையது என்று பிரவுனைத்தான் பிடிக்கிறது.

சொன்ன காரியம் முடிந்ததும் அழித்துவிடு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்கலாம். ஜி.எஸ்.டி. கணக்கு ஓர் உதாரணம். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருந்தே ஆகவேண்டும். ஆக, பில்லில் இருக்கும் பேரும் முகவரியும் தங்கும். அடையாளத்துக்காக வாங்கிய ஆதார் நகலுக்கு அங்கே வேலையில்லை. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருப்பதுதான் நம் வழக்கம்.

எல்லாவற்றையும் அழி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு மனசு வரவில்லை. காரணம், அதே ஸ்டூடியோ அலமாரி. நம் ஊரில் ஒருவர் இறந்துபோனால் முதலில் தேடுவது போட்டோவை. மாலை போட ஒரு முகம் வேண்டும். வீட்டில் இருக்காது. இருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும், இல்லை, யாரோ எதற்கோ வாங்கிப்போய்த் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள். அப்போதுதான் யாருக்காவது அந்தக் கவர் ஞாபகம் வரும். பத்து வருடத்துக்கு முந்தைய நம்பரோடு ஸ்டூடியோவில் போய் நிற்பார்கள். அவரும் ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இவர்தானா பாருங்க என்பார்.

கருப்பு வெள்ளை தலைகீழாகி, வெள்ளை முடி கருப்பாக, கருப்புச் சட்டை வெள்ளையாக, அவரேதான்.

அழிக்கவா, வைக்கவா என்று வேலை முடிந்த அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. கவரின் இன்னொரு மூலையில் இடம் காலியாகத்தான் இருந்தது.